கப்பல் எவ்வளவு நீளம் என்று இனியும் தொடங்காதீர்கள்: தமிழில் வரலாற்றுக் காணொளி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடத்தில் பல ஆண்டுகள் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். போன மாதம் அக்காள் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளியை அனுப்பி, "மாமா, இதையெல்லாம் நீங்க எங்களுக்குச் சொல்லவே இல்லையே" என்று கேட்டிருந்தான். சீனத் தளபதி ஜெங் ஹேயின் கப்பல்களைப் பற்றிய காணொளி அது. அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கொலம்பஸ் 1492, வாஸ்கோ ட காமா 1498 என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்டேனே தவிர, 1405-க்கும் 1433-க்கும் நடுவில் ஏழு முறை ஒரு சீனக் கடற்படை இந்தியப் பெருங்கடலுக்கு வந்து போனதை ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. நான் செய்யாததை நீங்கள் செய்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

ஆனால் அதே மாதிரிக் காணொளிகள் இன்னும் ஆறேழைத் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே படம். மலை மாதிரி, ஒன்பது பாய்மரம் கொண்ட ஒரு கப்பல். அதன் காலடியில் கோழிக்குஞ்சு போலக் கொலம்பஸின் கப்பல். "137 மீட்டர் நீளம், 56 மீட்டர் அகலம், கால்பந்து மைதானத்தைவிடப் பெரியது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பெருமூச்சு விட இடம் கொடுத்து நிறுத்துகிறீர்கள். அந்தக் கடற்படையைப் பற்றி நமக்கு மிகக் குறைவாக உறுதிப்பட்ட செய்தி எதுவென்றால், இந்த நீளம்தான். உறுதிப்பட்டவை எல்லாம் உங்கள் காணொளியில் இல்லை. என் வருத்தம் அதுதான்.

அந்த 137 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அன்று சீனாவை ஆண்ட மிங் வம்சத்தின் அதிகாரப்பூர்வ வரலாற்றில் 62 பெரிய கப்பல்கள், நீளம் 44 ஜாங், அகலம் 18 ஜாங் என்று இருக்கிறது. ஜாங் என்பது சீன நீள அளவு; அதைத்தான் 137, 56 மீட்டராக்குகிறார்கள். அந்த வரலாறு முடித்து வெளியிடப்பட்டது 1739-இல். கப்பல்கள் போய்த் திரும்பி முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு. அதற்கு முன்பே, 1597-இல் வந்த ஒரு மாயக்கதை நாவலிலும் இதே 44, இதே 18, கூடவே ஒன்பது பாய்மரம். அந்தக் காலத்து அரசவைக் குறிப்புகளிலோ கப்பல் கட்ட இட்ட உத்தரவுகள் இருக்கின்றன, நீளம் இல்லை. பயணத்தில் மொழிபெயர்ப்பாளராகப் போன மா ஹுவானின் நூற்படிகள் சிலவற்றில் அந்த அளவு வருவது உண்மை. ஆனால் அவர் எழுதியதா, பின்னால் படியெடுத்தவர் சேர்த்ததா என்பதில்தான் அறிஞர்களுக்குள் சண்டையே.

மரத்துக்கு என்று ஒரு குணம் உண்டு. நீளமான மரக்கப்பலின் நடுவில் அலை தூக்கினால் இரு முனையும் தொங்கும். முனைகளில் அலை தூக்கினால் நடு வயிறு தொங்கும். இப்படி ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்தால் பலகைகளின் இணைப்பு விட்டுக்கொடுத்து நீர் ஏறத் தொடங்கும். அமெரிக்காவில் 1909-இல் வையோமிங் என்று ஆறு பாய்மரக் கப்பல் ஒன்றைக் கட்டினார்கள். உடல் ஏறத்தாழ 100 மீட்டர். மரத்தை மட்டும் நம்பாமல் குறுக்கும் நெடுக்குமாக இரும்புப் பட்டைகளும் போட்டார்கள். அப்படியும் கடலில் முறுக்கிக்கொண்டு நீர் கசிந்தது, பம்பு வைத்து இறைத்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. 1924-இல் புயலில் ஆட்களோடு மூழ்கியது. வேடிக்கை என்னவென்றால், முன்னாலும் பின்னாலும் துருத்தி நின்ற மரக்கைகளையும் சேர்த்து அளந்தால் அந்தக் கப்பலும் 137 மீட்டர்தான். கப்பலுக்கு இரும்புப் பட்டை போடாத காலத்தில், அதே நீளத்தில், 56 மீட்டர் அகலத்தில் ஒன்றல்ல, 62 கப்பல் இந்தியப் பெருங்கடலைக் கடந்தன என்றால் கேள்வி கேட்காமல் இருக்க முடியுமா?

சின்னக் கப்பல்கள்தான் என்று நான் சொல்ல வரவில்லை. 1957-இல், ஜெங் ஹே காலத்துத் தலைநகரான நான்ஜிங்கின் பழைய கப்பல்கட்டும் துறையைத் தோண்டியபோது 11.07 மீட்டர் நீளமுள்ள சுக்கான் தண்டு ஒன்று கிடைத்தது. ஒரே மரம். இதை வைத்துக் கப்பலின் நீளத்தைக் கணக்கிட்டு 44 ஜாங் சரிதான் என்றவர்கள் உண்டு. ஆழமில்லாத ஆற்றில் ஓடும் தட்டையான படகுகளுக்கும் நீண்ட சுக்கான் உண்டே என்று மறுத்தவர்களும் உண்டு. நான்ஜிங் கோயில் ஒன்றில் கிடைத்த கல்வெட்டுத் துண்டில் 1500 லியாவ், 2000 லியாவ் கப்பல்கள் என்று வருகிறது. லியாவ் என்பது அக்காலச் சீனக் கப்பல்களின் பருமனைச் சொல்லும் அளவு. அதை வைத்துச் சிலர் அறுபது மீட்டர்தான் என்று முடிவு கட்டியிருந்தார்கள். 2010-இல் ஜெங் ஹேயோடு பயணம் செய்த ஹோங் பாவின் கல்லறை அகப்பட்டது. அதில் 5000 லியாவ் பெருங்கப்பலில் போனதாக எழுதியிருக்கிறது! வழக்கு மறுபடியும் திறந்துகொண்டது. பெரிய கப்பல் ஆற்றில் அரசர் கண்ணுக்கு மட்டும் காட்டக் கட்டியது என்பாரும் உண்டு. நான்ஜிங்கில் அந்தத் துறை இருந்த இடத்திலேயே வைத்திருக்கும் மாதிரிக் கப்பல் 63 மீட்டர் சொச்சம்தான். அதுவும் உள்ளே கான்கிரீட், வெளியே பலகை.

இந்த வழக்கையே ஒரு காணொளியாக எடுங்களேன். சுக்கான் ஒரு பக்கம் சாட்சி சொல்கிறது, மரம் மறுபக்கம் சாட்சி சொல்கிறது, செத்தவன் கல்லறையிலிருந்து மூன்றாவதாக ஒருவன் எழுந்து வருகிறான். படத்தைவிட இது விறுவிறுப்பு இல்லையா?

இன்னொன்று, "கண்டுபிடிப்புப் பயணம்" என்ற சொல். உங்களில் சிலர் அமெரிக்காவையும் அவர்களே முதலில் கண்டுபிடித்தார்கள் என்கிறீர்கள். ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கித் தளபதி ஒருவர் 2002-இல் கிளப்பிவிட்டது அது. வரலாற்றாசிரியர்கள் எவரும் ஏற்கவில்லை. அமெரிக்காவை விடுங்கள், இந்தியப் பெருங்கடலிலேயே அவர்கள் எதையும் கண்டுபிடிக்க வரவில்லை. வழி தெரியும், காற்று தெரியும், துறைமுகம் தெரியும். ஜெங் ஹேக்கு அறுபது ஆண்டு முன்பே மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா கோழிக்கோட்டில் 13 சீனக் கப்பல்கள் நங்கூரமிட்டிருப்பதைப் பார்த்தார். மூங்கில் பாய்களைச் சுருட்டாமல் காற்றுக்கு ஏற்பத் திருப்புவதையும், ஒரு பெரிய கப்பலில் மாலுமி 600, வீரர் 400 என ஆயிரம் பேர் இருப்பதையும் எழுதினார். (இந்த மனிதரின் பெயரைத் தாங்கிய துபாய் வணிக வளாகத்திலும் உங்கள் கோழிக்குஞ்சுப் படத்தைப் போல ஒரு காட்சி வைத்திருந்தார்கள். விதி.)

அந்தப் பழைய கப்பல்களில் ஒன்று நமக்குக் கிடைத்தே இருக்கிறது. 1974-இல் சீனாவின் சுவான்சோ துறைமுகத்துச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தார்கள், 1270-களில் மூழ்கியது. எஞ்சிய நீளம் 24 மீட்டர் சொச்சம். உங்கள் படத்தில் வைத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அதன் வயிற்றைப் பாருங்கள்: 12 குறுக்குச் சுவர், 13 அறை. ஓரறையில் பாறை குத்தி ஓட்டை விழுந்தாலும் நீர் அடுத்த அறைக்குப் போகாது, கப்பல் தப்பும். அதே துறையிலிருந்து சில ஆண்டு கழித்துக் கப்பலேறிய மார்கோ போலோ, பெரிய சீனக் கப்பல்களில் 13 அறை இருக்கும் என்று எழுதிவைத்திருக்கிறார். சேற்றைக் கிளறியவர்கள் எண்ணிப் பார்த்தால், 13! ஒரு பயணியின் பேச்சை மண் இப்படி ஒப்புக்கொள்வது அபூர்வம். பலகை இடுக்குகளைச் சுண்ணாம்பும் நறுக்கிய சணலும் ஒரு மரத்தின் எண்ணெயும் சேர்த்து இடித்துப் பூசினார்கள் என்றும் சொல்கிறார். நம் கரையில் கலப்பத்து அடித்த கைகளுக்கு இது தூரத்துச் சொந்தக்காரன் வேலை. கப்பலில் இருந்த சரக்கோ வாசனை மரமும் மிளகும். அது மூழ்கிய சில ஆண்டுகளில், 1281-இல், அதே சுவான்சோவில் சிவன் கோயிலுக்காகத் தமிழில் ஒரு கல்வெட்டு வெட்டினார்கள். சீனத் துறைமுகத்தில் தமிழ் வணிகர் கோயில் கட்டிக் குடியிருந்த காலத்தில், கோழிக்கோட்டைச் சீனர் கண்டுபிடித்தார்கள் என்றால் என்ன சொல்ல!

ஜெங் ஹேயிடமே வருவோம். கடைசிப் பயணத்தில் போனவர்கள் 27,550 பேர். இந்த எண்ணைத் தரும் பழைய குறிப்பு ஆட்களை வகை பிரிக்கிறது: திசைகாட்டி பார்க்கும் தலைவர், சுக்கான் பிடிப்பவர், நங்கூரக்காரர், மொழிபெயர்ப்பாளர், கணக்குப்பிள்ளை, வைத்தியர், நங்கூரம் அடிக்கும் கொல்லர், இடுக்கு அடைப்பவர், தச்சர். கப்பலின் நீளத்தைச் சொல்லாத காகிதம் இடுக்கு அடைப்பவரைச் சொல்கிறது. எது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கோழிக்கோட்டிலிருந்து பாரசீக வளைகுடா வாயிலில் இருக்கும் ஹோர்முஸுக்கு 35 நாள். பருவக்காற்று திரும்பும்வரை துறைமுகத்தில் காத்திருப்பு. இத்தனை வாய்க்கும் அரிசி, நீர், விறகு. அந்தக் காத்திருப்பில்தான் மா ஹுவான் கோழிக்கோட்டுச் சந்தையை உட்கார்ந்து பார்த்தார்: தரகர் கையைத் தட்டி விலை முடித்தால் பிறகு மாற்றுவதில்லை, மணிச்சட்டம் இல்லாமல் கைவிரல் கால்விரலைக் கொண்டே கணக்குப் போடுகிறார்கள், தப்புவதில்லை என்கிறார். கரையிலிருந்த பணக்காரச் சாதியைச் சீன எழுத்தில் "செட்டி" என்றே எழுதினார்.

நீங்கள் இவர்களைக் காந்தியைப் போல அமைதித் தூதராக்கிவிடுவதும் சரியில்லை. இலங்கையில் 1411-இல் அழகக்கோனாரோடு போர் மூண்டு, மன்னரைக் குடும்பத்தோடு பிடித்து நான்ஜிங்குக்குக் கொண்டுபோனார்கள். பேரரசர் பிறகு விடுவித்தார். இருபத்தேழாயிரம் பேரில் பெரும்பாலோர் படைவீரர்கள்; அன்பளிப்பும் அவர்கள் கையில்தான் இருந்தது, வாளும் அவர்கள் கையில்தான் இருந்தது. பயணங்கள் நின்றதற்கும் "ஒரு முட்டாள் அரசன் கப்பலை எரித்தான்" என்று ஒரே வரி போதாது. 1421-இல் தலைநகர் வடக்கே பீஜிங்குக்குப் போனது, பெருங்கால்வாய் சீரானதால் தானியத்தைக் கடல்வழி கொண்டுபோகும் தேவை குறைந்தது, மங்கோலியர் தொல்லை ஓயவில்லை, செலவைக் கணக்கெடுத்த அதிகாரிகள் முகம் சுளித்தார்கள்.

அந்தப் போருக்கு இரண்டு ஆண்டு முன், 1409 பிப்ரவரி 15 என்ற தேதியிட்டு நான்ஜிங்கில் ஒரு கல்லை வெட்டி இலங்கைக்குக் கப்பலில் ஏற்றினார்கள். மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில், இலங்கையின் தென்முனையில் கோயில் கொண்ட தெனவரை நாயனாருக்கு. மூவருக்கும் ஏறக்குறைய ஒரே காணிக்கைப் பட்டியல்: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, வாசனை எண்ணெய், விளக்கு. புத்தருக்குப் போனதைவிட நாயனாருக்குக் குறைவில்லை. நான்ஜிங்கில் உட்கார்ந்து யாரோ ஒருவர் தமிழ் எழுதியிருக்கிறார், அல்லது எழுதிக் கொடுத்ததைப் பார்த்து ஒரு சிற்பி உளி பிடித்திருக்கிறார். அந்த மனிதர் யாராக இருக்கும் என்று நினைத்து நான் ஓர் இரவு தூங்கவில்லை. நாயனாரின் கோயிலைப் போர்த்துகீசியர் 1588-இல் இடித்தார்கள். கல் 1911-இல் இலங்கையின் காலி என்ற நகரத்தில் அகப்பட்டது: மதகுக்கு மூடியாக, எழுத்துள்ள முகம் கீழே பார்க்க.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே. அந்தப் படத்தைப் போட்டே ஆகவேண்டுமென்றால், "இந்த அளவு 1739-இல் வந்த நூலில் இருக்கிறது, அறிஞர்கள் ஒத்துக்கொள்ளவில்லை" என்று அதே திரையில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். கடைசியில் ஓடும் பொடியெழுத்தில் வேண்டாம். மற்றது, அடுத்த காணொளியைக் கப்பலில் தொடங்காமல் கல்லில் தொடங்குங்கள். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதன் கீழே தேய்ந்துபோன பாரசீகம். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று படமெடுங்கள், எழுத்து நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
கரும்பலகையில் 1405-ஐ எழுத மறந்த ஒரு வாத்தியார்