கோடையில் கணக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே, கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் எல்லோரும் சுகம். ஆழியாற்றுத் தண்ணீர் வந்து இரண்டாம் போகமும் நட்டாயிற்று.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். பி.எஸ்சி. படிக்கிற பெண்ணுக்குக் கணக்கில் என்ன ஆராய்ச்சி என்று கேட்டிருக்கிறாய். அமெரிக்காவில் டுலூத் என்ற ஊரில் ஜோசப் கேலியன் என்ற பேராசிரியர் 1977இலேயே இதைத் தொடங்கிவிட்டார். எண்ணியல், கோட்டுருவியல் (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கணக்கு) போன்ற பிரிவுகளில், விடை தெரியாத கேள்விகளைக் கோடையில் இளங்கலை மாணவர்களிடம் கொடுத்துவந்தார். கேள்வியைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவைப்படாத பிரிவுகள் அவை. அந்தப் பிள்ளைகளின் கட்டுரைகள் ஆய்விதழ்களில் வந்திருக்கின்றன.

நம் நாட்டில் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் ஒரு பேராசிரியரிடம் இருந்து படிக்கலாம். கணக்கில் அது பெரும்பாலும் ஒரு நூலை ஊன்றிப் படிப்பதாகத்தான் இருக்கும். விண்ணப்பம் கோடைக்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும்.

ஆனால் பாப்பா முதலில் எம்.டி.டி.எஸ். (Mathematics Training and Talent Search) என்ற கோடைக் கணக்கு முகாமுக்குப் போகட்டும் என்பேன். பேராசிரியர் குமரேசன் 1993இல் தொடங்கியது. நாலு வாரம், தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. தேற்றத்தை எழுதிப்போட்டு நிரூபணத்தை ஒப்பிக்க வைக்கும் வேலை அங்கே இல்லை. "இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஓர் எடுத்துக்காட்டு சொல்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நம் கல்லூரிகளில் மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட அப்படிக் கேட்கப்படாமல் பட்டம் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்! தமிழ் மீடியத்தில் படித்த நம் ஊர்ப் பெண் ஒருத்தி, இங்கிலீஷுக்குப் பயந்து பயந்துதான் போனாள். திரும்பி வந்தபின் வகுப்பில் "ஏன் சார்?" என்று கேட்காமல் அடுத்த வரிக்கு விடமாட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். எல்லையோரப் பிள்ளைகளுக்குத் திறமை குறைவில்லை, இப்படி ஒன்று இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

அதுவரை பாப்பாவுக்கு ஒரு கேள்வி. 15 என்பது 7+8, 4+5+6, 1+2+3+4+5. இப்படி அடுத்தடுத்த இயல் எண்களின் கூட்டலாக எழுதவே முடியாத எண்கள் எவை? 8 வராது, 16 வராது. ஏன் என்று அவளே நிரூபிக்கட்டும், நீ நெட்டில் தேடிச் சொல்லிவிடாதே.

அப்புறம், விண்ணப்பத்துக்கு ஆசிரியர் பரிந்துரை தேவைப்படும். அவளை நன்றாகத் தெரிந்த ஆசிரியரிடம் இந்த வாரமே கேட்டு வைக்கச் சொல். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்