புதுக் குசினி கட்டும் தங்கச்சிக்கு

ஸ்காபரோ, ரொறன்ரோ
ஒக்ரோபர் கடைசி

அன்புள்ள தங்கச்சி,

நான், அத்தான், பிள்ளையள் எல்லாரும் நல்ல சுகம். நீங்கள் எல்லாரும் சுகமாய் இருக்க நல்லூரானை மன்றாடுறன். அம்மாவின்ரை முழங்கால் நோ இப்ப எப்படி எண்டு விவரமாய் எழுது. இந்தக் கடிதத்தை அவவுக்கும் வாசிச்சுக் காட்டு.

யாழ்ப்பாணத்திலை நீ கட்டுற குசினியின்ரை படம் பார்த்தன். சுவர் முழுக்கச் சாமான் வைக்கிற மூடின பன்ரி அலுமாரி, கறுப்புக் கல்லு, மூலையிலை சின்ன யன்னல் ஒண்டு. "கனடாவிலை இப்படித்தானே" எண்டு எழுதியிருக்கிறாய். ஓம், இங்கை அப்படித்தான். ஆனா இங்கை குசினியை அடைச்சுக் கட்டுறது குளிருக்குப் பயந்து. உங்கை வெயிலும் காத்தும் குசினி வேலையிலை பாதியைச் செய்து தருது. அதை மறிச்சுச் சுவர் எழுப்பிப்போட்டுப் பிறகு காசு குடுத்து மின்விசிறி பூட்டப் போறியே? மேசன் பூச முன்னம் நான் எழுதுறதை ஒருக்கா வாசி.

நான் பருவத்துக்குப் பருவம் குசினியை மாத்தி அடுக்கிறன். இப்ப இலையுதிர் காலம். முதல் வேலை கறிவேப்பிலைக் கண்டை உள்ளுக்கு எடுக்கிறது. இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழை இறங்கத் தொடங்கினால் அது வெளியிலை நிக்காது. தெற்கு யன்னலடியிலை சாடியோடை வைச்சு, தண்ணியைக் குறைச்சு விட்டால், இலை கொஞ்சம் கொட்டினாலும் வசந்தத்துக்குத் தளிர்க்கும். இந்த மாதம் கடையெல்லாம் பூசணிக்காயைக் குவிச்சு வைச்சிருப்பினம். ஹலோவீன் நாளுக்குச் சனம் அதிலை முகம் வெட்டி வாசலிலை வைக்கும். நான் சின்னக் காயாய்ப் பார்த்து வாங்கி, பிள்ளையள் பொறுக்கி வந்த சிவத்த மேப்பிள் இலையோடை மேசை நடுவிலை வைக்கிறன். நவராத்திரிக் கும்பத்துக்குப் பக்கத்திலையும் அதுதான் நிண்டது. பார்த்து முடிய ஒவ்வொண்டாய்க் கறியாகும். முகம் வெட்டுற பெரிய காய் கறிக்குச் சரிவராது, வெறும் தண்ணி.

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவினம். அதோடை பின்னேரம் அஞ்சு மணிக்கே இருட்டு. மார்கழியிலை பகல் 9 மணித்தியாலம்தான்; ஆனியிலை 15 மணித்தியாலத்துக்கு மேலை. உங்கை வருசம் முழுக்கக் கிட்டத்தட்ட 12 மணித்தியாலம் எண்டதாலை இது உனக்கு விளங்கக் கஷ்டம். ஆனா ஒரு நன்மை இருக்கு. மாரியிலை, அதாவது இங்கத்தைக் குளிர்காலத்திலை, சூரியன் தெற்காலை பதிஞ்சு போறதாலை, மத்தியான வெயில் தெற்கு யன்னலுக்குள்ளாலை நேரை வந்து குசினி நடு மட்டும் விழும். கோடையிலை அதே வெயில் யன்னல் விளிம்போடை நிண்டிடும். அதாலை குளிர் தொடங்கச் சாப்பாட்டு மேசையை யன்னலடிக்கு இழுத்து விடுறன். கறித்தூள், செத்தல் மிளகாய், மஞ்சள், பெருஞ்சீரகம் எல்லாம் எதிர்ப் பக்கத்து இருட்டுத் தட்டுக்குப் போகும். வெயில் பட்டால் தூளின்ரை நிறம் வெளிறி, வாசமும் போயிடும். அம்மா வறுத்து இடிச்சு அனுப்பின தூளிலை பாவனைக்கு வேண்டினதை மட்டும் தகரப் பேணியிலை போட்டு, மிச்சத்தைக் காத்துப் போகாமல் கட்டி பிறீசருக்குள்ளை வைக்கிறன்.

தேங்காயெண்ணெயைப் பற்றியும் சொல்ல வேணும். அது 24 பாகை அளவிலை உறையத் தொடங்கும். மாரியிலை எங்கட வீட்டுக்குள்ளை 20, 21தான் நிக்கும். ஒடுங்கின வாய்ப் போத்தலைக் கவிட்டுப் பிடிச்சாலும் ஒரு சொட்டு வராது. அதாலை இப்பவே அகல வாய்ப் போத்தலுக்கு மாத்திக் கரண்டியைப் போட்டாச்சு. நல்லெண்ணெய்க்கு அந்தக் கரைச்சல் இல்லை. தோசைமா புளிக்கவும் இந்தக் குளிர் காணாது. அவணைப் பத்த வைக்காமல் உள் லைற்றை மட்டும் போட்டு, அதுக்குள்ளை சட்டியை வைச்சால் விடியப் பொங்கி நிக்கும்.

மாரியிலை என்னை மெத்தக் கவலைப்படுத்திறது பனையோலைச் சாமான்தான். நிலத்துத் துவாரத்தாலை வாற ஹீற்றர் காத்து வீட்டிலை இருக்கிற ஈரத்தை எல்லாம் குடிச்சிடும். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியின்ரை நுனியை விரலாலை வளைச்சால் 'சட்' எண்டு ஓலை வெடிக்கும், பின்னலுக்குள்ளை இருந்து மாவாய்க் கொட்டும். அதுக்காக ஈரத் துணியாலை துடைச்சு, ஹீற்றர் காத்துப் படாமல், சிங்குக்கு மேலை ஆணியடிச்சுக் கொழுவி வைச்சிருக்கிறன். சட்டி கழுவேக்கை எழும்புற ஆவியிலை பதமாய் இருக்கும். பக்கத்திலை சுளகு, சிரட்டை அகப்பை, நீ அனுப்பின சாயவோலைப் பெட்டியள். வாற வெள்ளைக்காரச் சனம் அந்தச் சுவரைத்தான் முதல் பார்க்கும், "எவ்வளவு வடிவு" எண்டு படம் எடுக்கும். அலங்காரத்துக்கெண்டு நான் தனியாய் ஒண்டும் வாங்கேல்லை. தினம் கையிலை எடுக்கிற சாமானைக் கண்ணுக்குத் தெரியக் கொழுவினது மட்டும்தான்.

தைப்பொங்கலுக்குச் சில வருசம் முத்தத்திலை ஸ்நோ முழங்கால் மட்டும் கிடக்கும். பொங்கல் உள் அடுப்பிலைதான். குசினி நிலத்திலை அரிசிமாக் கோலம், யன்னல் கரையிலை விளக்கு, நிறைகுடம், வாங்கக் கிடைச்சால் ஒரு துண்டுக் கரும்பு. 2016இலை கனடாப் பாராளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாய் ஏற்றதாலை பள்ளிக்கூடங்களிலையும் கொண்டாட்டம் நடக்குது. போன தைக்குச் சின்னவள் சுவரிலை இருந்த சாயப்பெட்டியைக் கழட்டி வகுப்புக்குக் கொண்டு போய், பனையைப் பற்றிக் கதைச்சிட்டு வந்தாள். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

வசந்தம் கெதியிலை போயிடும். மாசி கடைசியிலை போசீத்தியாச் செடியிலை மொட்டுக் கிளை நாலு வெட்டித் தண்ணிப் போத்தலிலை வைச்சால், வெளியிலை ஸ்நோ கிடக்கவே உள்ளுக்கு மஞ்சளாய்ப் பூக்கும். சித்திரை வருசப்பிறப்புக்கு முன்னம் எல்லா லாச்சியையும் கொட்டித் துடைச்சு, பழைய பருப்பு, மாவை முடிச்சுக் கட்டுறது. பூச்சி விழுமெண்டு சந்தேகம் வந்த மாவை நாலு நாள் பிறீசரிலை வைச்சு எடுப்பன்.

கோடை வந்தால் தலைகீழ். புழுக்கம். உப்புக் கசியும் (நாலு அரிசி போட்டு வை, உங்கை மாரி மழைக்கும் உதவும்), பனங்கட்டி வேர்க்கும், ஓலைப் பெட்டியிலை பூஞ்சணம் பிடிக்கப் பார்க்கும். அப்ப பெட்டியள் எல்லாம் பின் வளவு வெயிலுக்குப் போகும். மீன் பொரியல், கருவாடு, நண்டு எல்லாம் கராஜிலை காஸ் அடுப்பிலை. ஆடிப்பிறப்புக் கூழும் அங்கைதான் காய்ச்சினனாங்கள். ஒரு மிளகாய்க் கண்டு காய்ச்சால் பெரியவன் ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவான்.

இனி உன்ரை குசினி. சோளகக் காத்து வைகாசியிலை இருந்து புரட்டாதி மட்டும் தென்மேற்காலை அடிக்கும். அந்தப் பக்கம் பெரிய யன்னல் ஒண்டு விடு, வலை அடி, ஆனா அடுப்பை அதுக்கு நேரை வையாதை. நெருப்பும் அணையும், செம்மண் புழுதியும் கறிக்குள்ளை விழும். வாடைக் காத்து வாற வடகிழக்குப் பக்கத்து யன்னலுக்கு மேலை தாவாரத்தை நீட்டு, ஐப்பசி கார்த்திகைச் சாரல் உள்ளுக்கு அடியாது. மூடின அலுமாரி ஒண்டோ இரண்டோ போதும். மரத்தூளை அமத்திச் செய்த பலகையிலை செய்யவே வேண்டாம். மாரி ஈரத்துக்கு வீங்கும், கதவு பூட்டாது, கறையானும் விடாது. மிச்சத்துக்குச் சீமெந்துத் தட்டு, திறந்த றாக்கை. அடுப்புக்கு மேலை ஒரு தட்டுக் கட்டாயம் விடு: மோர்மிளகாய், வடகம், ஒடியல் (காயவைச்ச பனங்கிழங்கு) மழைக்கு நமுத்துப் போகாது. வெங்காயப் பிடியைத் தடியிலை கொழுவு, உருளைக்கிழங்கைத் தள்ளி வை, இரண்டும் ஒண்டாய்க் கிடந்தால் கெதியிலை பழுதாகும்.

அம்மியையும் ஆட்டுக்கல்லையும் ஆருக்கும் குடுத்துப்போடாதை. கிணத்தடிப் பக்கத்துக் கதவோடை, வெளிச்சம் படுற இடத்திலை வை. அம்மா குனிய ஏலாட்டிலும், கல்லிலை அரைச்ச சம்பல் எண்டால் உனக்கும் கை தானாய் வரும்.

யன்னல் அளவையும், அடுப்பு எந்தச் சுவரோடை வருது எண்டதையும் எழுது. தைக்கு உங்கை வாற ஆள் இங்கை திரும்பேக்கை கொஞ்சம் சாமான் குடுத்துவிடு: யாழ்ப்பாணச் சந்தையிலை பனையோலைச் சாமான் விக்கிற பக்கத்திலை நீத்துப்பெட்டி இரண்டு, மூடியோடை சின்னச் சாயப்பெட்டி ஒண்டு, புழுக்கொடியல் எவ்வளவு ஏலுமோ அவ்வளவு. பெட்டி நசியாமல் உள்ளுக்குத் துணி அடைஞ்சு விடு.

இப்படிக்கு,
அன்பு அக்கா