லேண்ட் ரோவருக்கு ஒரு பூட்டுப் பெட்டி

பட்டர்வொர்த்,
ஞாயிறு மாலை.

அன்பு நண்பன் மாணிக்கத்துக்கு,

உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த படங்களும் கிடைத்தன. கேமரன் மலையில் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்த 1979ஆம் ஆண்டு சீரீஸ் 3 லேண்ட் ரோவரை வாங்கிக் கோலாலம்பூர்ச் செந்தூலுக்குக் கொண்டுவந்துவிட்டாய் என்று படித்ததும், தோட்டத்துத் துரையின் வண்டிக்குப் பின்னால் செம்மண் புழுதியைத் தின்றபடி நாம் ஓடிய நாட்கள் நினைவுக்கு வந்தன. அன்று அந்த வண்டியைத் தொட்டுப் பார்க்கவும் நமக்குத் துணிவில்லை. இன்று ஆளுக்கொன்றை வீட்டில் நிறுத்தி, ஒழுகும் எண்ணெய்க்குக் கீழே தட்டு வைத்துக்கொண்டிருக்கிறோம்.

முன்னிருக்கைகளுக்கு நடுவே பூட்டக்கூடிய ஒரு பெட்டி பொருத்த வேண்டும் என்று எழுதியிருந்தாய். நான் அந்த வேலையை இரண்டு முறை செய்தவன். முதல் முறை தவறாகச் செய்தேன். ஆகையால் நீ கேட்டதைவிடச் சற்று அதிகமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பெட்டி தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை. கான்வாஸ் கூரையும், தள்ளித் திறக்கும் சன்னலும் உள்ள வண்டியில் கதவைப் பூட்டுவது வெறும் சடங்கு. மூன்று ஆண்டுகளுக்கு முன் மீன் சந்தைக்கு அருகே பத்து நிமிடம் நிறுத்தியிருந்தபோது, யாரோ பின்பக்கக் கான்வாஸைத் தூக்கிக் கை நுழைத்து என் பையை எடுத்துப் போய்விட்டார். பணம் அதிகமில்லை, ஆனால் வண்டியின் பதிவுப் பத்திரம், கண்ணாடி, வீட்டுச் சாவி எல்லாம் அதில் இருந்தன. இடப்பக்க இருக்கைக்கு அடியில் கருவி வைக்க ஒரு குழி இருக்கிறதே என்பாய். மெத்தையைத் தூக்கினால் திறந்துகொள்ளும் குழி அது. அதில் ஜாக்கி வைக்கலாம், பத்திரம் வைக்க முடியாது.

முதல் முறை, இங்கே ஒரு வெல்டிங் பட்டறையில் ஒன்றரை மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் பெட்டி செய்து, இருக்கைகளுக்கு இடையிலுள்ள நடுப்பலகைக்கும் அதன் இரு பக்கச் சுவர்களுக்கும் சேர்த்து எட்டு போல்ட்டுகளால் இறுக்கினேன். யானை இழுத்தாலும் அசையாது என்று பெருமைப்பட்டேன். ஓராண்டு கழித்து, கியர்பெட்டியின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் பெட்டியில் தேனீக்கூட்டம் கலைந்ததைப் போன்ற இரைச்சல் கேட்டது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "நடுப்பலகையைக் கழற்றுங்கள் ஐயா, மேலிருந்து பார்க்கிறேன்" என்றார். கழற்றுவதற்கு வழியே இல்லை. இந்த வண்டியில் கியர்பெட்டியையும் டிரான்ஸ்பர் பெட்டியையும் மேலிருந்து எட்டுவதற்கு அந்த நடுப்பலகைதான் வாசல். அந்த வாசலின் மேல் நான் ஒரு கோட்டையைக் கட்டி வைத்திருந்தேன். போதாக்குறைக்குப் போல்ட்டுகளும் அசையவில்லை. கிரைண்டரால் அறுத்து எடுப்பதற்குள் அரைநாள் போயிற்று.

போல்ட் ஏன் பிடித்துக்கொண்டது என்பதை நீ அறிந்திருப்பது நல்லது. 1948இல் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது, போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்ததால், சட்டகத்தை எஃகிலும் உடலை அலுமினியக் கலவைத் தகட்டிலும் செய்தார்கள். சீரீஸ் 3 வரையிலும் அந்த வழக்கமே தொடர்ந்தது. அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொட்டிருக்க, இடையில் உப்பு ஈரம் சேர்ந்துவிட்டால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். எங்கள் ஊர்க் கடற்காற்றில் அந்த ஈரத்துக்குக் குறைவேயில்லை. துருப்பிடிக்காத போல்ட் என்று தேடி வாங்கிப் போட்டேன். போல்ட் சொன்ன சொல் தவறாமல் துருப்பிடிக்கவில்லை; அதைச் சுற்றியிருந்த அலுமினியம்தான் வெள்ளை மாவாக உதிர்ந்தது. செந்தூலில் கடல் இல்லையென்றாலும் மழை இருக்கிறது. ஆகவே இரும்பும் அலுமினியமும் சந்திக்கும் இடமெங்கும் ரப்பர் விரிப்பு, நைலான் வாஷர், துளையின் உள்விளிம்பில் வண்ணப்பூச்சு ஆகிய மூன்றையும் விட்டுவிடாதே.

இரண்டாம் முறை பெட்டியைச் சிறிதாக்கி, நடுப்பலகையின் எல்லைக்குள்ளேயே நிற்கும்படி செய்தேன். அதன் அடித்தளத்திலிருந்து நான்கு போல்ட்டுகள் பலகைக்குள் இறங்குகின்றன. போல்ட்டுகளின் தலைகள் பெட்டிக்குள் இருக்கின்றன. நட்டுகள் பலகையின் அடியில் ஒரு பட்டைத் தகட்டில் பற்றவைக்கப்பட்டிருப்பதால் கீழே படுத்துக்கொண்டு பிடிக்க ஆள் தேவையில்லை. பலகையைப் பிடித்திருக்கும் திருகுகளில் இரண்டு, பெட்டியின் அடித்தளத்துக்குக் கீழே மறைந்துவிடும்படி இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். இல்லையென்றால் திருடன் பெட்டியைத் திறக்கப் பாடுபட மாட்டான். பலகையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். இப்போது சாவி உள்ளவன் மூடியைத் திறந்து, நான்கு போல்ட்டைக் கழற்றி, கால்மணி நேரத்தில் கியர்பெட்டியைப் பார்த்துவிடலாம். சாவி இல்லாதவனுக்கு ஒரு போல்ட் தலைகூடக் கண்ணில் படாது.

தகட்டை வெட்டுவதற்கு முன் அட்டையில் செய்து பார். நான் ஒரு மைலோ அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி நடுவில் வைத்து, வண்டியை நிறுத்தியபடியே எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் நான்கிலும் நெம்புகோல் பின்னால் வரும்போது என் கைமுட்டி அட்டையில் இடித்தது; குமிழுக்கு மட்டும் இடம் விட்டால் போதாது, அதைப் பிடித்திருக்கும் கைக்கும் விட வேண்டும். சிவப்புக் குமிழ் உள்ள இன்னொரு நெம்புகோலை மறந்துவிடாதே. குறைவேகத்துக்கு மாற்றுவதற்கு அதைப் பின்னால் இழுக்க வேண்டும். சேற்றில் சிக்கிய நேரத்தில் அது பெட்டியில் முட்டி நின்றால் உன் பூட்டு உன்னையே பூட்டிவிட்டதாக ஆகும். நாற்சக்கர இயக்கத்துக்கான மஞ்சள் குமிழை மேலிருந்து கீழே அழுத்துவதால், அதற்கு மேலே கை நுழைய வெளி வேண்டும். நீ அனுப்பிய படத்தில் இன்னொரு சிறிய நெம்புகோலும் தெரிகிறது; நெடுஞ்சாலையில் எஞ்சினின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியருக்கானது என்று நினைக்கிறேன். அப்படியானால் என் அளவு உனக்குப் பொருந்தாது.

துளையிடும்போது ஓர் எச்சரிக்கை. முன், பின் அச்சுகளுக்கு இடையே 88 அங்குலம் உள்ள உன் வண்டியில் வலப்பக்க இருக்கைக்கு அடியில் பெட்ரோல் தொட்டி இருக்கிறது. பாட்டரியின் இணைப்பை முதலில் எடுத்துவிடு. துளைக்கும் கம்பியில் ஒரு மரத்துண்டைச் செருகி, தேவைக்கு மேல் ஒரு விரற்கடைகூட இறங்காதபடி தடுத்துக்கொள். நடுப்பலகையைத் தனியே கழற்றிக் கீழே வைத்துத் துளையிட முடிந்தால் இன்னும் நல்லது.

பூட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேசை இழுப்பறைக்குப் போடும் மெல்லிய பூட்டு ஒரு ஸ்குரூடிரைவருக்குத் தாங்காது. அதைவிட முக்கியம் மூடியின் விளிம்பு: அது பெட்டியின் உதட்டைத் தாண்டிக் கீழே மடிந்திருந்தால்தான் திருடனின் கடப்பாரை முனை நுழையாது. கீல் முழு நீளத்துக்கும் உட்புறமாக இருக்கட்டும். என் பூட்டையும் கீலையும் பினாங்குத் தீவிலுள்ள லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் வாங்கினேன். முன்பானால் வண்டியோடு பெர்ரியில் ஏறிப் போயிருப்பேன். இப்போது பெர்ரியில் காருக்கு இடமில்லை என்பதால் மோட்டார் சைக்கிளில் போய் வந்தேன். கூரை ஒழுகும் வண்டி என்பதால் அடித்தளத்தில் இரண்டு சிறு வடிதுளைகள் வை. வெயிலில் நிறுத்தினால் இரும்புப் பெட்டி அடுப்பாகிவிடும். கைப்பேசியை அதற்குள் விட்டுச் செல்லாதே.

பெட்டிக்கு இடம் விடுவதற்காக நடு இருக்கையைக் கழற்றிய பிறகு அதை யாருக்கும் கொடுத்துவிடாதே. என் பேரனுக்கு அதுதான் சிம்மாசனமாக இருந்தது. பெட்டி வந்த நாளிலிருந்து அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அந்த இடத்தில் தோள்பட்டை வார் இல்லாததால் அவனை அங்கே உட்கார வைத்ததே தவறு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவனிடம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

என் அட்டை மாதிரியைச் சுருட்டித் தபாலில் அனுப்புகிறேன். அடுத்த மாதம் கோலாலம்பூர் வரும்போது 7/16 அங்குல ஸ்பேனரையும் கொண்டுவருகிறேன். உன்னிடம் மில்லிமீட்டர் ஸ்பேனர்கள்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். 12ஐ மாட்டிப் போல்ட் தலைகளை உருட்டி வைத்துவிடாதே, நான் வரும்வரை காத்திரு.

அன்புடன்,
இராமையா