பருவ இறுதிக் கடிதம்: புத்தகப்பையில் வரும் சத்து மாத்திரைகள்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. தேர்வுகள் முடிந்தன, விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தன. பங்கேற்ற பிள்ளைகள் அனைவருக்கும் பாராட்டுகள்.

இன்னொன்றும் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. சில வாரங்களாகப் புத்தகப்பைகளில் இரும்பு, கால்சியம், துத்தநாக மாத்திரைகள் வருகின்றன. மிட்டாய் போன்ற வகைகளும் வருகின்றன. பிள்ளை சோர்ந்து தெரிகிறதே என்ற கவலையில்தான் கொடுத்தனுப்புகிறீர்கள். அந்தக் கவலை நியாயமானது. இரும்புச்சத்து குறைந்தால் முகம் வெளிறும், சீக்கிரம் மூச்சு வாங்கும், பாடத்திலும் கவனம் நிற்காது.

ஆனால் மாத்திரைக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை வேண்டும். 5 முதல் 11 வயது வரை, 100 மி.லி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை; 12 முதல் 14 வயதுக்கு அந்த எல்லை 12 கிராம். கூடவே ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பதை அதுதான் காட்டும். காய்ச்சலின்போது ஃபெரிட்டின் தானாக ஏறிவிடும் என்பதால், குணமான பிறகு எடுப்பது நல்லது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு உள்ள பிள்ளைக்கும் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கலாம். இரும்பு மாத்திரை அதைச் சரிசெய்யாது.

துத்தநாகத்தை அளவுக்கு மீறி மாதக்கணக்கில் கொடுத்தால் உடலில் தாமிரம் குறையும். தாமிரம் குறைந்தாலும் ரத்தசோகைதான் வரும்.

எங்களை உறங்கவிடாதது வேறு. பிள்ளைகள் இந்த மாத்திரைகளை இடைவேளையில் பங்கிட்டுக்கொள்கிறார்கள். 200 மி.கி. உலர் ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு மாத்திரை ஒன்றில் சுமார் 65 மி.கி. இரும்பு இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. இரும்பு உள்ளே போனாலே நச்சுத்தன்மை தொடங்கலாம். 20 கிலோ எடையுள்ள பிள்ளை அந்த நச்சு அளவைத் தாண்ட ஏழு மாத்திரையே போதும். கிலோவுக்கு 60 மி.கி. தாண்டினால் உயிருக்கே ஆபத்து. முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். பிறகு சில மணி நேரம் பிள்ளை தேறிவிட்டதுபோல் தோன்றும். அதை நம்பி வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. அதன் பின்னர்தான் கல்லீரல் பாதிக்கப்படும். வாந்தி எடுக்க வைக்காமல், மாத்திரை அட்டையோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனவே நாளை முதல் எந்தச் சத்து மாத்திரையும் பையில் வரக்கூடாது. இதில் விதிவிலக்கு இல்லை. வந்தால் எடுத்து வைத்துக்கொள்வோம். பெற்றோர் நேரில் வந்துதான் வாங்கிக்கொள்ள முடியும். பள்ளி நேரத்தில் கொடுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தால், சீட்டையும் அன்றைய மாத்திரையையும் அலுவலகத்தில் உங்கள் கையால் கொடுங்கள். வீட்டிலும் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

மதிய உணவில் செய்யக்கூடியது நிறைய. பயறை ஊறவைத்து முளைகட்டிச் சமைத்தால் இரும்பையும் துத்தநாகத்தையும் உடலில் சேரவிடாமல் பிடித்து வைக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் குறையும். ஓர் ஆரஞ்சுத் துண்டோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். தேநீரைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டாம். அயோடின் உப்பை மூடி போட்டு, அடுப்படி வெப்பத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

சொன்னவுடன் புரிந்துகொண்டு மாத்திரைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பெற்றோருக்கும், பருவம் முழுவதும் எங்களோடு நின்ற உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்