பிசாரோவின் வீரம் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தென் அமெரிக்காவின் இன்கா பேரரசைப் பிடித்த ஸ்பானியத் தளபதி பிசாரோ பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். 168 பேரை வைத்துக்கொண்டு ஒரு பேரரசையே சாய்த்தார் என்று எழுதியிருந்தீர்கள். சரி, எண்ணிக்கை உண்மைதான், ஆனால் 1532இல் அவர் பெருவில் உள்ள கஹமார்கா நகருக்குப் போய்ச் சேர்ந்தபோது அரச சகோதரர்களான அதாவால்பாவும் வாஸ்காரும் அரியணைக்காக அடித்துக்கொண்டதில் இன்கா நாடே இரண்டுபட்டுக் கிடந்தது, அப்புறம் இன்காக்கள் மேல் கடுப்பில் இருந்த கன்யாரி, வாங்கா மக்களும் ஸ்பானியர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். இதையெல்லாம் கட்டுரை ஏனோ தொடவே இல்லை.

அந்தப் பணயக் கதையும் ஒரே வரியில் முடிந்துவிட்டது. பிசாரோவிடம் சிறைப்பட்டதும், தன் விடுதலைக்காக ஓர் அறை நிறையத் தங்கமும், அதுபோல இரண்டு மடங்கு வெள்ளியும் தருவதாக ஒப்புக்கொண்டார் அதாவால்பா. மலைமலையாக வந்து குவிந்த கலைப்பொருட்களை உருக்கிப் பங்குபோட்டுக்கொண்டு, 1533இல் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். இது என்ன வீரம்?

படையெடுப்பில் கூட்டாளியாக இருந்த அல்மாக்ரோவின் ஆட்களுடனான பங்காளிச் சண்டையில் 1541இல் பிசாரோவும் லிமாவில் குத்துப்பட்டுச் செத்தார். இன்னொரு வேடிக்கை: லிமா பேராலயத்தில் அவருடையது என்று பல காலம் காட்டிவந்த உடல் வேறு யாருடையதோ. உண்மையான மண்டையோடு 1977இல்தான் ஓர் ஈயப் பெட்டிக்குள் கிடைத்தது.

ஒரு வாசகர், மதுரை