புரட்டாசிக்கு வெள்ளையடிக்கும்போது கூடுகளை விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனில் வசந்தம் தொடங்கிவிட்டது. குளிர்காலத்தை வடக்கே வெப்ப ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு, இங்கே குஞ்சு பொரிக்க வரும் மஞ்சள் அலகுப் பருந்துகள் ஆகஸ்டிலேயே வந்துவிட்டன, சாட்ஸ்வர்த் மேட்டுத் தெருக்களுக்கு மேலே கவட்டை வாலை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு வட்டமிடுகின்றன. ஆனால் நான் எழுத வந்தது பருந்தைப் பற்றி அல்ல, நம் கூரையடியில் மண்கூடு கட்டுகிற தகைவிலான் என்ற சின்னப் பறவையைப் பற்றி.

செம்பழுப்புத் தலை, வெள்ளை நெஞ்சு நிறையக் கறுப்புக் கோடு, இதுதான் அடையாளம். மழை பெய்து எங்காவது சேறு கிடந்தால் போதும், ஆணும் பெண்ணும் சேர்ந்து இறங்கி அலகில் ஒவ்வோர் உருண்டையாகக் கொண்டுவந்து ஒட்டும். ஒட்டியது காய்ந்தால்தான் அடுத்தது நிற்கும், அதனால் வேலை நாள் கணக்கில் இழுக்கும். கடைசியில் ஒரு மண்கிண்ணமும், உள்ளே நுழைய நீளமான குழாய் வாசலும் தயாராகும். அப்படிக் கட்டி முடித்ததையும் சில நேரம் இடுப்பில் வெள்ளைப் பட்டை உள்ள உழவாரன் என்ற வேறொரு பறவை வந்து பிடுங்கிக்கொள்ளும். வாசலில் இறகுகள் நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பது தகைவிலான் இல்லை, உழவாரன் என்று தெரிந்துகொள்ளலாம்.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை நாம் ஒரு துடைப்பக் கட்டையால் தட்டிவிடுகிறோம். புரட்டாசி பிறக்கப்போகிறது என்று வீடும் கோயிலும் கழுவி வெள்ளையடிக்கிற நேரமும் இவை முட்டையிடுகிற நேரமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. போன வருடம் ஒரு கோயில் மண்டபத்தில் சுரண்டிப் போட்ட மண்ணுக்கு நடுவே சின்னச் சின்ன வெள்ளை முட்டைகள் உடைந்து கிடந்ததைப் பார்த்தேன், தாய்ப்பறவை விட்டத்தையே சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது. பெருமாளுக்காக மாதம் முழுக்கக் கவிச்சி தொடாமல் விரதம் இருக்கிற நாம் அதே மாதத்தில் இதைச் செய்யலாமா?

வெருலத்துக்குப் பக்கத்தில் மவுண்ட் மோர்லாண்ட் நாணல் காட்டில் சாயங்காலம் வந்து அடைகிற தகைவிலான் கூட்டத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்திருக்கிறார்கள். 30 லட்சம் வரை இருக்கும் என்று சொல்லப்பட்ட கூட்டம் அது. பக்கத்தில் 2010-ல் திறந்த டர்பன் விமான நிலையமே அந்தப் பறவைகளுக்காக ரேடார் வைத்தது. அவை ஐரோப்பாவிலிருந்து அக்டோபர் வாக்கில் வருபவை, இங்கே கூடு கட்டுவதில்லை, ஏப்ரலில் கிளம்பிவிடும். நம் விட்டத்தில் இருப்பது வேறு வகை, இந்த மண்ணிலேயே குஞ்சு பொரிப்பது. அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

எச்சம் விழுகிறது என்பதுதான் எல்லோரும் சொல்கிற குறை. சரி, கூட்டுக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு பலகையை அடித்துவிடுங்கள், அத்தனையும் அதில் விழும், வாரம் ஒரு தடவை கழுவிக்கொள்ளலாம். அவை கொசுவும் ஈயும் பிடித்துத் தின்பதையும் கணக்கில் வையுங்கள். பெயின்ட் வேலையை முடிந்தால் மே, ஜூனுக்கு மாற்றுங்கள், அப்போதும் கூட்டைச் சுரண்ட வேண்டாம், அடுத்த வருடம் பழைய கூட்டையே பூசிச் சரிசெய்துகொள்ளும். இப்போதே அடித்தாக வேண்டும் என்கிற கோயில்களில் நிர்வாகிகள் பெயின்டரிடம் முன்கூட்டியே சொல்லி, கூட்டைச் சுற்றி ஒரு அடி விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்