தோளுக்குப் பின்னால்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மூட்டுக்கு ஆபரேஷன் வேண்டாம், பயிற்சியே போதும் என்று டாக்டர் சொன்னது நிம்மதி. அந்தப் பயிற்சியை நீ செய்வாயா என்பதுதான் என் சந்தேகம்.

ஜெர்மனி எப்படி என்று கேட்டிருந்தாய். போனில் கேட்டால் "நல்லா இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுவேன். உள்ளதைச் சொல்கிறேன். முதல் வேலை ஐந்தாம் மாதமே போய்விட்டது. இங்கே முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். இரண்டு வார நோட்டீஸில் அனுப்பிவிடலாம், அனுப்பிவிட்டார்கள். உன்னிடம் மறைத்தேன் என்று கோபப்படாதே, அம்மாவுக்கே இன்னும் தெரியாது.

அடுத்துக் கிடைத்தது மருத்துவக் கருவி சர்வீஸ். லைப்சிக்கிலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். நீ கற்றுக்கொடுத்து 18 வருஷமாக ஓட்டுகிறேனே, என்ன கஷ்டம் என்று இருந்தேன். நம் லைசென்ஸ் இங்கே குடியேறி ஆறு மாதம் வரைதான் செல்லும், அந்த ஆறு மாதமும் எப்போதோ முடிந்துவிட்டது என்று அப்புறம்தான் தெரிந்தது. எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் முதலிலிருந்து. அதற்கு முன்னால் கண் பரிசோதனையும் ஒரு நாள் முதலுதவி வகுப்பும்.

அந்த வகுப்பில்தான் ஒரு நண்பர் அறிமுகம். அறிமுகம் என்றால் கை குலுக்கி அல்ல. மயங்கிக் கிடப்பவரை எப்படிப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைப்பது என்று ஜோடி ஜோடியாகச் செய்யச் சொன்னார்கள். நான் தரையில் மயங்கிக் கிடக்க, நரைத்த மீசைக்காரர் ஒருவர் என் முழங்காலை மடக்கி, ஒரே இழுப்பில் புரட்டிப்போட்டு, மூச்சு வருகிறதா என்று வாயருகே காது வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிழைத்துவிட்டான்" என்று அவர் அறிவித்தார். சிரியாவில், அலெப்போ நகரத்தில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அவருக்கும் என் கதைதான்.

எழுத்துத் தேர்வில் 30 கேள்வி. தப்புக்கான புள்ளிகள் பத்தைத் தாண்டினால் பெயில். அவர் அரபியில் எழுதினார். தமிழில் கிடையாது, நான் ஆங்கிலத்தில் எழுதினேன். இருவரும் பாஸ். ஓட்டுவதில்தான் மாட்டிக்கொண்டோம். பக்கத்து சீட்டில் பயிற்சியாளர், அவர் காலடியிலும் ஒரு பிரேக். பின்சீட்டில் தேர்வு நடத்துபவர். வலப்பக்கம் திரும்பும்போது கண்ணாடியைப் பார்த்தேன், தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கவில்லை. அங்கே ஒரு சைக்கிள். பயிற்சியாளர் பிரேக்கை மிதித்தார். அவர் மிதித்தால் கதை முடிந்தது. பின்சீட்டில் பேனா கிறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாம் முறை, பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி விடவில்லை. ஹாரன் அடித்தால் வழி கிடைக்கும் என்று நீ சொல்லிக்கொடுத்த பாடம் இங்கே செல்லுபடியாகாது, மாப்ள.

வேலை போனபோதுகூட இவ்வளவு குறுகிப்போகவில்லை. தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொல்லிவிட்டார்களே என்று இரண்டு நாள் வீட்டைவிட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அந்த மீசைக்காரர் வந்து மணி அடித்தார். அவரும் முதல் தடவை பெயில்தான், அதே தோள் விஷயத்தில். "முப்பது வருஷம் பஸ்ஸில் திரும்பிப் பார்த்தால் பயணிகள் முகம்தான் தெரியும்" என்றார். எங்கள் இருவரின் ஜெர்மனும் அரைகுறை என்பதால் இதைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது.

அன்றிலிருந்து சாயங்காலம் நடக்கப் போகிறோம். ஒவ்வொரு தெரு முனையிலும் என் தோளைத் தட்டி "ஷுல்டர்ப்ளிக்!" என்பார், தோளுக்குப் பின்னால் பார்ப்பதற்கு ஜெர்மனில் அதுதான் பெயர். இருவரும் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்புவோம். பார்க்கிறவர்களுக்கு யாரோ துரத்துகிறார்கள் என்று தோன்றும். அவர் போன மாதம் பாஸ். நான் இன்னும் சக ஊழியர் ஓட்டும் வேனில் டூல் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். நல்லவேளை, மானேஜர் பொறுமைசாலி.

வியாழன் காலை 8 மணிக்கு மூன்றாவது முயற்சி. உனக்கு அப்போது பதினொன்றரை. வாசலில் நிற்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். நீ மட்டும் தயவுசெய்து போன் செய்துவிடாதே, நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய சிஷ்யன்